பதவி இல்லாத அதிகாரம்: ஆளுநரின் மனைவி ஜேன் ஃபிராங்க்ளின்

கனடாவின் வடகோடிக் கடலில் மூழ்கிக் கிடந்த எரிபஸ் என்ற கப்பல் 2014இல் கண்டெடுக்கப்பட்டது. அதன் துணைக்கப்பல் டெரர் 2016இல் கிடைத்தது. 1845இல் சர் ஜான் ஃபிராங்க்ளின் தலைமையில் இரண்டும் கிளம்பித் திரும்பாத பயணத்தில் இறந்த அதிகாரி ஒருவரின் தாடை எலும்பை மரபணுச் சோதனை வழியே 2024இல் அடையாளம் கண்டார்கள். இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் ஜேன் ஃபிராங்க்ளின் என்ற பெண்ணின் பெயரும் கூடவே வருகிறது. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. காணாமல் போன கணவருக்காகப் பத்தாண்டுக்கு மேல் போராடிய மனைவி என்று ஒரு கட்டுரை சொல்கிறது. கணவரின் ஆட்சியில் மூக்கை நுழைத்து அவர் பதவி பறிபோகக் காரணமானவர் என்கிறது இன்னொன்று. டாஸ்மேனியாவிலிருந்து வரும் எழுத்துகளில், பூர்வகுடிச் சிறுமி ஒருத்தியை வீட்டுக்கு அழைத்துவந்து வளர்த்துவிட்டு அநாதை விடுதியில் விட்டுச் சென்றவர் அவர்.

மூன்றுக்கும் ஆதாரம் உண்டு. மூன்றும் ஒரே பெண்ணுக்கு எப்படிப் பொருந்துகின்றன என்பதே வாசகரின் குழப்பம். அதைத் தீர்க்க அவருடைய குணத்தை ஆராய்ந்தால் போதாது. 19ஆம் நூற்றாண்டில் ‘ஆளுநரின் மனைவி’ என்பது எந்த மாதிரியான இடம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆளுநர்: அன்றைய பொருள்

இன்று ஆளுநர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஆளுநர் மாளிகையும், அமைச்சரவையின் ஆலோசனைப்படி இடப்படும் கையெழுத்தும். அன்றைய பிரிட்டிஷ் காலனியின் ஆளுநர் அப்படிப்பட்டவர் அல்லர். ஜேனின் கணவர் சர் ஜான் ஃபிராங்க்ளின் 1837 முதல் 1843 வரை ஆண்ட இடம் வான் டீமன்ஸ் லேண்ட். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள இந்தத் தீவுக்கு 1856இல்தான் டாஸ்மேனியா என்று பெயர் மாறியது. அதிகாரபூர்வமாக அவர் லெப்டினென்ட் கவர்னர். அவருடைய நிலையைப் புரிந்துகொள்ள நான்கு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

1. தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம் கிடையாது. நியமன உறுப்பினர்களைக் கொண்ட ஒரு சபை மட்டுமே இருந்தது.

2. அது கைதிகளின் தீவு. பிரிட்டனில் தண்டிக்கப்பட்டவர்களைக் கப்பலேற்றி அனுப்பும் இடங்களில் அதுவும் ஒன்று. 1853இல் அந்த வழக்கம் நிற்கும்வரை 70,000க்கும் மேற்பட்டோர் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். ஃபிராங்க்ளின் வந்திறங்கியபோது மக்கள்தொகை நாற்பதாயிரத்தைச் சற்றே தாண்டியிருந்தது. ஏறத்தாழ ஐவரில் இருவர் கைதிகள். அவர்களில் பெரும்பாலோர் குடியேறிகளின் பண்ணைகளிலும் வீடுகளிலும் கூலியில்லாமல் உழைக்க ஒதுக்கப்பட்டவர்கள். யாருக்கு எத்தனை கைதிகள், யாருக்கு நிலம், யாருக்கு வேலை என்பதெல்லாம் அரசின் கையில் இருந்தது. ஆகவே ஆளுநரின் தயவு என்பது நேரடியான பணமதிப்புடைய பொருள்.

3. ஆளுநருக்கு அடுத்த நிலையில் காலனிச் செயலாளர் இருந்தார். எல்லாக் கோப்புகளும் அவர் வழியாகத்தான் போகும். அந்த இடத்தில் இருந்த ஜான் மாண்டகு, முந்தைய ஆளுநர் ஜார்ஜ் ஆர்தருக்குத் திருமண வழி உறவினர். தலைமைக் காவல் நடுவரும் அப்படியே. ஆர்தர் 12 ஆண்டுகள் ஆண்டுவிட்டுப் போயிருந்தார். அவர் கட்டிய இயந்திரம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. புதிய ஆளுநர் அதன்மேல் வந்து உட்கார்ந்தார்.

4. லண்டனுக்கு ஒரு கடிதம் போய்ச்சேர ஏறக்குறைய நான்கு மாதம். பதில் வர இன்னொரு நான்கு மாதம். தந்தி கிடையாது. ஒரு சச்சரவில் லண்டனின் தீர்ப்பு தீவின் தலைநகரான ஹோபார்ட்டுக்கு வருவதற்குள் சச்சரவின் வடிவமே மாறியிருக்கும். யார் முதலில் லண்டனுக்குப் போய் நேரில் தன் கட்சியைச் சொல்கிறாரோ அவருக்கே வெற்றி. இந்த நான்காவது விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

மனைவிக்குச் சட்டம் தந்த இடம்

ஆங்கிலேயப் பொதுச்சட்டப்படி, திருமணமான பெண்ணுக்குத் தனிச் சட்ட ஆளுமை இல்லை. அது கணவனுடைய ஆளுமைக்குள் அடங்கிவிடும். அவள் பெயரில் ஒப்பந்தம் செய்ய முடியாது; சம்பாதித்தது கணவனுக்குச் சேரும். இதை முதலில் ஓரளவு தளர்த்தியது 1870ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டம். முழுமையாக மாற்றியது 1882ஆம் ஆண்டின் சட்டம். பணக்காரக் குடும்பங்கள் அறங்காவலர்களை நியமித்து மகளுக்கெனச் சொத்தைத் தனியே வைப்பதுண்டு. ஜேனுக்குக் கைவசம் இருந்த பணம் அவருடைய பிறந்த வீட்டின் செல்வத்திலிருந்து வந்தது.

ஆளுநரின் மனைவி என்பது ஒரு பதவியும் அல்ல. சம்பளம் இல்லை, பொறுப்புப் பட்டியல் இல்லை, கோப்பில் கையெழுத்திடும் உரிமை இல்லை. ஆனால் அந்தச் சிறிய தலைநகரில் அதிகாரிகளும் பாதிரியார்களும் கப்பல் தலைவர்களும் பண்ணையார்களும் ஒன்றுகூடும் இடம் ஆளுநர் மாளிகையின் விருந்து மேசை. அதில் யாரை அழைப்பது, யாரை யார் அருகில் உட்காரவைப்பது என்பது அவருடைய முடிவு. ஆளுநர் எந்தக் கோப்பைப் படித்துவிட்டு யாரிடம் பேசுவார் என்பதை அந்த ஊரில் எல்லோரும் அறிவார்கள்.

ஆக, சட்டத்தில் ஒன்றுமில்லாத இடம், நடப்பில் நிறைய இருக்கும் இடம். பெரும்பாலான ஆளுநர் மனைவிகள் நடனவிருந்துகளோடும் தர்ம காரியங்களோடும் நின்றுகொண்டார்கள். ஜேன் நிற்கவில்லை. அதற்கு அவருடைய படிப்பு ஒரு காரணம்.

படிப்பு எங்கிருந்து வந்தது

ஜேன் கிரிஃபின் 1791 டிசம்பர் 4 அன்று லண்டனில் பிறந்தார். தந்தை ஜான் கிரிஃபின் செல்வம் படைத்த பட்டு நெசவுத் தொழிலதிபர். தாய்வழியினர் பிரான்சிலிருந்து மதக் கொடுமைக்குத் தப்பி வந்த புராட்டஸ்டண்ட் வம்சத்தவர். சிறு குழந்தையாக இருக்கும்போதே தாய் இறந்துவிட்டார். சிறிய விடுதிப் பள்ளி ஒன்றில் படித்தபின், கல்வியை வழிநடத்தியவர் தாய்மாமன். அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் எந்தப் பல்கலைக்கழகமும் பெண்களைச் சேர்த்துக்கொள்ளாது. எனவே அவர் தனக்கான பல்கலைக்கழகத்தைத் தானே வகுத்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்: நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்று திட்டம் போட்டார், படித்த நூல்களைப் பட்டியலிட்டார், ராயல் இன்ஸ்டிடியூஷனின் அறிவியல் விரிவுரைகளுக்குப் போனார், சிறைச்சாலைகளையும் பள்ளிகளையும் பார்வையிட்டார், தந்தையோடு ஐரோப்பா முழுவதும் பயணம் செய்தார். பார்த்ததையெல்லாம் பொடி எழுத்தில் நாட்குறிப்பில் நிரப்பினார்.

திருமணம் செய்துகொண்டபோது அவருக்கு 36 வயது. அன்றைய கணக்கில் மிகத் தாமதம். ஜான் ஃபிராங்க்ளின் கடற்படை அதிகாரி, ஆர்க்டிக் பயணங்களால் புகழ்பெற்றவர். அவருடைய முதல் மனைவியான கவிஞர் எலினர் போர்டன் ஜேனின் தோழி, 1825இல் இறந்தார். 1828இல் ஜேனை மணந்த ஃபிராங்க்ளின், மத்தியதரைக் கடலில் பணியில் இருந்த ஆண்டுகளில், ஜேன் எகிப்து, சிரியா, பாலஸ்தீனம் என்று தனியே சுற்றினார். நைல் நதியில் நெடுந்தூரம் பயணம் செய்தார். அப்போதே ஒரு பழக்கம் நிலைபெற்றுவிட்டது. அவர் கணவரின் வேலைக்காக லண்டனுக்கு எழுதுவார், யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வார், எந்தப் பதவி தகுதிக்குக் குறைவு என்று கணிப்பார். முதலில் ஆன்டிகுவா என்ற சிறு தீவின் பதவி வந்தபோது அது வேண்டாம் என்பதே அவருடைய கருத்து. ஃபிராங்க்ளின் அந்தப் பதவியை மறுத்துவிட்டார்; பிறகு வந்தது வான் டீமன்ஸ் லேண்ட்.

ஹோபார்ட்டில் நடந்தது

1837 ஜனவரியில் ஹோபார்ட்டில் இறங்கியபோது ஜேனுக்கு 45 வயது. கூடவே கணவரின் முதல் மனைவியின் மகள் எலினரும், கணவரின் சகோதரி மகள் சோஃபியா கிராக்ராஃப்ட்டும் வந்தார்கள். சோஃபியா திருமணம் செய்துகொள்ளாமல் கடைசிவரை ஜேனின் உதவியாளராகவே வாழ்ந்தார்.

அடுத்த ஆறரை ஆண்டுகளில் ஜேன் செய்தவற்றை மூன்று வகையாகப் பார்க்கலாம்.

முதலாவது பயணம். அன்றைய ஆளுநர்கள் தங்கள் தீவின் உட்பகுதியை வரைபடத்தில்தான் பெரும்பாலும் பார்த்தார்கள். ஜேன் நடந்தும் குதிரையிலும் படகிலும் போய்ப் பார்த்தார். ஹோபார்ட்டுக்குப் பின்னால் நிற்கும் வெலிங்டன் மலையில் ஏறினார். 1839இல் மெல்பர்னிலிருந்து சிட்னிக்குத் தரைவழியே போனார். அப்படிச் சென்ற முதல் ஐரோப்பியப் பெண் அவர். வழியில் கண்ட பண்ணை, கூலி, விலை, பறவை, மண் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். 1842இல் கணவரோடு, தீவின் மேற்குக் கரையில் உள்ள மெக்குவாரி துறைமுகத்துக்குக் காட்டின் ஊடே சென்றார். மழையும் வெள்ளமும் அவர்களை மறித்துவிட்டன. இந்தப் பயணத்தில் அவரைச் சில தொலைவுகளில் நாற்காலிப் பல்லக்கில் வைத்துச் சுமந்தவர்கள் கைதிகள். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தத் துணிச்சலின் முழுக் கணக்கு.

இரண்டாவது அறிவியல். இதில்தான் அவருடைய படிப்பு நன்றாக விளைந்தது. ஆளுநர் மாளிகையில் இயற்கை வரலாற்றுச் சங்கம் ஒன்று கூடியது. தாவரவியலாளர் ரொனால்ட் கேம்ப்பெல் கன் அதன் முக்கியத் தூண். அந்தச் சங்கம் தனக்கென ஓர் ஆய்விதழையும் வெளியிட்டது. கைதிகளின் தீவொன்றில் அப்படியோர் இதழ் தொடங்கியது சிறிய விஷயம் அல்ல. பறவையியலாளர் ஜான் கூல்ட் ஆஸ்திரேலியப் பறவைகளை ஆராய வந்தபோது, அவருடைய மனைவியும் ஓவியருமான எலிசபெத் கூல்ட் மாதக்கணக்கில் ஜேனின் விருந்தினராகத் தங்கியிருந்தார். அங்கேயே ஒரு மகனைப் பெற்றார். 1840இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் தலைமையில் தென்துருவப் பயணக் குழு ஹோபார்ட்டில் தங்கியது. பூமியின் காந்தப்புலத்தை அளக்க அங்கே ஓர் ஆய்வுக்கூடம் எழுந்தது. அந்தக் குழுவில் இளம் ஜோசஃப் ஹூக்கர் இருந்தார். பிற்காலத்தில் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஆனவர். ராஸின் கப்பல்கள் எரிபஸ், டெரர். இன்று கனடாவின் கடலடியில் கிடப்பவை அவைதாம். டெரரின் தலைவர் ஃபிரான்சிஸ் குரோசியர் சோஃபியாவை மணக்க விரும்பினார், சோஃபியா மறுத்துவிட்டார்.

ஹோபார்ட் நகரத்தை ஒட்டிய பள்ளத்தாக்கில் ஜேன் நிலம் வாங்கி, கிரேக்கக் கோயில் வடிவில் மணற்கல்லால் ஓர் அருங்காட்சியகம் கட்டினார். 1842இல் அடிக்கல், 1843இல் திறப்பு. அந்த இடத்துக்கு அன்காந்தி என்று பெயரிட்டார். அவர் கிளம்பிய பிறகு அதைப் பேண யாருக்கும் அக்கறை இல்லை. ஒரு காலத்தில் ஆப்பிள் கிடங்காகவும் பயன்பட்டது. இப்போது டாஸ்மேனியக் கலைச் சங்கத்தின் இடமாக இருக்கிறது. ஹியூவான் ஆற்றங்கரையிலும் நிலம் வாங்கி, சுதந்திரக் குடியேறிகளைக் கண்டிப்பான நிபந்தனைகளோடு குத்தகைக்குக் குடியமர்த்தினார். அந்த ஊரின் பெயர் இன்றும் ஃபிராங்க்ளின்.

மூன்றாவது பெண் கைதிகள். லண்டனின் சிறைச் சீர்திருத்தவாதி எலிசபெத் ஃபிரை, பெண் கைதிகளின் நிலையைப் பற்றி எழுதும்படி ஜேனிடம் கேட்டிருந்தார். அந்தப் பெண்கள் அடைக்கப்பட்ட இடத்துக்கு ‘பெண்கள் தொழிற்சாலை’ என்று பெயர். சிறை, சலவையகம், பிரசவ இல்லம், வேலைக்கு ஆள் கொடுக்கும் இடம் எல்லாம் அதுவே. 1841இல் ராஜா என்ற கப்பலில் வந்த பெண்களுக்கு மேற்பார்வையாளராக வந்த கெசையா ஹெய்ட்டரின் துணையோடு, கைதிகளைச் சந்தித்து உதவும் பெண்கள் சங்கம் ஒன்றை ஜேன் அமைத்தார். உயர்குடிப் பெண்கள் ‘அந்த மாதிரிப் பெண்களோடு’ பழகுவதா என்று பத்திரிகைகள் பாய்ந்தன. சங்கம் படுத்துவிட்டது, 1843இல்தான் மீண்டும் எழுந்தது. சிறைக்குப் போய்ப் பார்க்கவே ஆளுநரின் மனைவிக்கு இவ்வளவு எதிர்ப்பு என்றால், கோப்பைப் படித்தால் எவ்வளவு இருக்கும்?

‘பாவாடை ஆட்சி’: குற்றச்சாட்டும் விளைவும்

ஃபிராங்க்ளினின் பதவி போன கதை பல இடங்களில் ஒரே வரியில் சொல்லப்படுகிறது: மனைவியின் தலையீட்டால் திரும்ப அழைக்கப்பட்டார். நடந்ததை வரிசையாகப் பார்த்தால் அந்த ஒற்றை வரி நிற்காது.

1. 1841இல் ரிச்மண்ட் மாவட்ட மருத்துவர் கவர்டேல், நோயாளி ஒருவரைக் கவனிக்கத் தவறினார் என்ற புகாரில் மாண்டகுவின் பரிந்துரைப்படி நீக்கப்பட்டார்.

2. அந்த ஊர் மக்கள் அவருக்காக மனு கொடுத்தார்கள். ஃபிராங்க்ளின் மனம் மாறி அவரை மீண்டும் பணியில் சேர்த்தார்.

3. மனுவைத் தூண்டியதே ஜேன்தான் என்று மாண்டகு நம்பினார். அல்லது நம்புவதாகச் சொன்னார். அதன்பின் ஆளுநரோடு ஒத்துழைப்பதைக் குறைத்துக்கொண்டார். ஆளுநரின் நினைவாற்றலை நம்ப முடியாது என்று பொருள்படும் கடிதத்தை ஆளுநருக்கே எழுதினார்.

4. 1842 ஜனவரியில் ஃபிராங்க்ளின் அவரைப் பணியிடை நீக்கம் செய்தார். அப்போது சமரசத்துக்கு மாண்டகு தரப்பு உதவி நாடியது ஜேனிடமே. அவருடைய செல்வாக்கைக் குற்றமாகச் சொன்னவர், அதே செல்வாக்கு தனக்குப் பயன்படுமென்றால் அதைத் தவறாக நினைக்கவில்லை.

5. சமரசம் பலிக்கவில்லை. மாண்டகு கப்பலேறி லண்டன் போனார்; காலனி அமைச்சர் ஸ்டான்லி பிரபுவிடம் நேரில் தன் கட்சியைச் சொன்னார். ஃபிராங்க்ளினுக்காகப் பேச அங்கே கடிதங்கள் மட்டுமே இருந்தன. ஸ்டான்லி மாண்டகுவின் பக்கம் சாய்ந்து, அவருக்கு ஆப்பிரிக்காவின் கேப் காலனியில் அதே உயரப் பதவியைக் கொடுத்தார். ஃபிராங்க்ளினைக் கண்டித்து எழுதினார். அந்தக் கண்டனக் கடிதத்தின் நகல், ஃபிராங்க்ளினின் கைக்கு மூலம் வருமுன்பே ஹோபார்ட்டில் மாண்டகுவின் நண்பர்களிடையே சுற்றியது.

6. 1843 ஆகஸ்டில் புதிய ஆளுநர் ஏர்ட்லி வில்மட் வந்து இறங்கினார். தன் பதவி முடிந்தது என்ற முறையான கடிதம் ஃபிராங்க்ளினுக்கு அப்போது வந்திருக்கவில்லை.

இதில் ஜேனுக்குப் பங்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர் கணவரோடு அரசுக் காரியங்களைப் பேசினார், கடிதங்களை வரைந்து கொடுத்தார், ஆட்களை எடை போட்டார். ஆனால் ஆட்சியைக் கவிழ்த்தது அந்தப் பங்கு அல்ல. முந்தைய ஆட்சியின் உறவுக்கூட்டம் கெட்டியாக இருந்தது. லண்டன் நான்கு மாதத் தொலைவில் இருந்தது. கைதிகளைப் பண்ணைகளுக்கு ஒதுக்கும் முறையை லண்டன் மாற்றிக்கொண்டிருந்ததால் பண்ணையார்கள் கொதித்துப் போயிருந்தார்கள். ஃபிராங்க்ளினும் நல்ல மனிதர், நல்ல மாலுமி. கோப்பு அரசியலில் கெட்டிக்காரர் அல்லர். இவை எல்லாவற்றையும் ‘பாவாடை ஆட்சி’ என்ற ஒரு பழிச்சொல் மூடிவிட்டது. அந்தப் பழிக்கு ஜேன் பகிரங்கமாகப் பதில் சொல்லவும் முடியாது. பதவியே இல்லாதவர் எந்த மன்றத்தில் விளக்கம் தருவார்? விளக்கப் பிரசுரம் வெளிவந்தது கணவரின் பெயரில்.

மதின்னா

யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத செல்வாக்கின் மறுபக்கம் இந்தச் சிறுமியின் வாழ்க்கையில் தெரிகிறது. ஜேனைப் போற்றும் கட்டுரைகள் இதை ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன. அது நியாயம் இல்லை.

1830களின் தொடக்கம்வரை டாஸ்மேனியாவில் குடியேறிகளுக்கும் பூர்வகுடிகளுக்கும் இடையே கொடிய போர் நடந்தது. எஞ்சிய பூர்வகுடிகளை ஃபிளிண்டர்ஸ் தீவின் வைபலென்னா முகாமுக்கு அப்புறப்படுத்தினார்கள். அங்கே நோயிலும் ஏக்கத்திலும் அவர்கள் மடிந்துகொண்டே இருந்தார்கள். 1847இல் அந்த முகாம் மூடப்பட்டபோது எஞ்சியவர்கள் 47 பேர். தென்மேற்கு டாஸ்மேனியக் குலத் தலைவர் டவ்டரரின் மகள் மதின்னா 1835இல் அங்கே பிறந்தாள்.

ஐந்தாறு வயதில் அவள் ஆளுநர் மாளிகைக்குக் கொண்டுவரப்பட்டாள். எலினரோடு சேர்ந்து படித்தாள், எழுதக் கற்றாள். 1842இல் தாமஸ் பொக் என்ற ஓவியர் அவளைச் சிவப்பு உடையில் வரைந்தார். அந்த ஓவியத்தில் அவளுக்குக் காலணி இல்லை. பின்னாளில் போட்ட நீள்வட்டச் சட்டம் வெறுங்கால்களை மறைத்துவிட்டது. அவள் எழுதிய ஒரு சிறு கடிதம் எஞ்சியிருக்கிறது. தான் நல்ல பெண் என்கிறாள். பேனாவும் மையும் பொம்மையும் இருப்பதாகச் சொல்கிறாள். காலில் புண் இருப்பதையும் காலணியும் காலுறையும் கிடைத்ததையும் சொல்கிறாள். தன்னைப் பார்க்க வரும்படி தந்தையை அழைக்கிறாள்.

1843இல் ஃபிராங்க்ளின் குடும்பம் கிளம்பியபோது மதின்னாவை ஹோபார்ட்டின் அரசு அநாதை விடுதியில் விட்டுச் சென்றது. பிறகு அவள் ஃபிளிண்டர்ஸ் தீவுக்கும், மறுபடி விடுதிக்கும், கடைசியில் தன் மக்களில் எஞ்சியவர்கள் வைக்கப்பட்ட ஆய்ஸ்டர் கோவ் முகாமுக்கும் மாற்றப்பட்டாள். பதினேழு வயதை ஒட்டிய பருவத்தில் நீரில் மூழ்கி இறந்தாள்.

ஜேன் கெட்ட எண்ணத்தோடு அவளை அழைத்துவந்தார் என்பதற்குச் சான்று இல்லை. பூர்வகுடிகளை ‘நாகரிகப்படுத்த’ முடியும் என்று காட்டும் விருப்பம் அந்தக் காலத்துச் சீர்திருத்தவாதிகள் பலருக்கு இருந்தது. ஆனால் ஒரு குழந்தையைச் சோதனைப் பொருளாக எடுப்பதும், பதவிக்காலம் முடிந்ததும் விடுவதும் யாருடைய அனுமதியும் இல்லாமல் நடந்தன. பெண் கைதிகளுக்கு உதவப் போனபோது ஜேனைக் கிழித்த பத்திரிகைச் சமூகம், மதின்னாவுக்காக அவரிடம் கணக்குக் கேட்கவில்லை. எந்தத் தலையீடு குற்றம், எந்தத் தலையீடு கருணை என்பதை அந்தக் காலனி அப்படித்தான் பிரித்து வைத்திருந்தது.

கடிதங்களால் நடந்த தேடல்

1844இல் அவமானத்தோடு இங்கிலாந்து திரும்பிய ஃபிராங்க்ளினுக்கு இழந்த பெயரை மீட்க ஒரு வாய்ப்புத் தேவைப்பட்டது. அட்லாண்டிக்கிலிருந்து கனடாவின் வடக்குத் தீவுகளினூடே பசிஃபிக்குக்குச் செல்லும் வடமேற்குக் கடல்வழியைக் கண்டறிய எரிபஸ், டெரர் கப்பல்களைக் கடற்படை அனுப்ப இருந்தது. தலைமை அவருக்குக் கிடைக்க ஜேனும் முயன்றார். 1845 மே மாதம் 59 வயதில் அவர் கிளம்பினார். ஜூலை இறுதியில் கிரீன்லாந்துக்கு மேற்கே திமிங்கில வேட்டைக் கப்பல்காரர்கள் பார்த்ததுதான் கடைசி. மொத்தம் 129 பேர்.

இந்த இடத்திலிருந்து ஜேன் செய்தது, ஹோபார்ட்டில் அவர் கற்றதன் நீட்சி. பதவி இல்லை, கையில் பேனா இருக்கிறது. கடற்படைத் தலைமையகத்துக்கு அருகில் வீடெடுத்துத் தங்கினார். அங்கிருந்து ஓயாமல் கணைகள் பறந்ததால் அந்த வீட்டை ‘பீரங்கி மேடை’ என்றே சொன்னார்கள். 1849இல் அமெரிக்க அதிபர் சக்கரி டெய்லருக்கு எழுதினார். நியூயார்க் வணிகர் ஹென்றி கிரின்னல் இரண்டு கப்பல்களைக் கொடுத்தார். அரசு 20,000 பவுண்டு பரிசு அறிவித்தது. அரசு தேடாத திசைகளில் தேட, ஜேன் தன் பணத்திலும் நன்கொடையிலும் பிரின்ஸ் ஆல்பர்ட், இசபெல் போன்ற கப்பல்களை அனுப்பினார். அவர்களைத் தேடப்போனதில்தான் கனடாவின் ஆர்க்டிக் தீவுகளின் வரைபடம் பெருமளவு நிரம்பியது.

1854 மார்ச் முடிவில் அனைவரையும் இறந்தவர்களாகக் கருதிப் பெயர்களை நீக்கப்போவதாகக் கடற்படை அறிவித்தது. ஜேன் கைம்பெண் ஓய்வூதியத்தை மறுத்தார். கறுப்பு உடுக்காமல் வண்ண உடை அணிந்தார். இதற்கிடையே எலினருக்கும் அவருக்கும் இடையே பணத்தகராறு முற்றியது. தந்தை இறந்ததாக ஒப்புக்கொண்டால் சொத்து மகளுக்கு. இல்லாவிட்டால் அது தேடலுக்குச் செலவாகும். முன்னே சொன்ன திருமணச் சொத்துச் சட்டத்தின் முடிச்சு இங்கே வீட்டுக்குள்ளேயே இறுகியது.

1857இல் ஃபாக்ஸ் என்ற சிறிய நீராவிப் படகை ஜேன் வாங்கி, லியோபோல்ட் மெக்ளின்டாக் தலைமையில் அனுப்பினார். 1859இல் கிங் வில்லியம் தீவில் அவருடைய துணை அதிகாரி ஹாப்சன் ஒரு கற்குவியலில் தாளொன்றைக் கண்டெடுத்தார். பயணக் குழு விட்டுச்சென்றவற்றில் கிடைத்த முக்கியமான எழுத்து அதுதான். ஃபிராங்க்ளின் 1847 ஜூன் 11 அன்று இறந்தார், 1848 ஏப்ரலில் கப்பல்களைக் கைவிட்டு 105 பேர் தெற்கே நடக்கத் தொடங்கினார்கள் என்று அதில் இருந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. 1860இல் ராயல் புவியியல் சங்கம் தன் நிறுவனர் பதக்கத்தை ஜேனுக்கு அளித்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர்.

மறுக்கப்பட்ட சாட்சியம்

தேடலின் இன்னொரு விளைவு அவ்வளவு பெருமைக்குரியது அல்ல. 1854இல் கனடாவில் ரோம வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் ஜான் ரே, ஆர்க்டிக் பூர்வகுடிகளான இனுயிட் மக்களிடம் விசாரித்து ஒரு செய்தியோடு திரும்பினார்: வெள்ளையர் கூட்டம் ஒன்று பட்டினியால் மடிந்தது, கடைசியில் இறந்தவர்களின் உடலைத் தின்றார்கள். ஃபிராங்க்ளினின் பதக்கத்தையும் அவர் சான்றாகக் கொண்டுவந்தார். ஜேனால் இதை ஏற்க முடியவில்லை. அவருக்கு ஆதரவாக நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் தன் வார இதழில் எழுதினார். இனுயிட்டுகளின் சொல் நம்பத்தக்கதல்ல என்பதே அவருடைய வாதம். ரேயின் பெயர் மங்கியது. லண்டன் வாட்டர்லூ பிளேஸில் 1866இல் எழுந்த சிலை, ஃபிராங்க்ளினும் தோழர்களும் உயிரைக் கொடுத்து வடமேற்கு வழியைக் கண்டுபிடித்து முடித்தார்கள் என்று சொல்கிறது. அந்த வழியை ஒரே கப்பலில் முதன்முதலாகக் கடந்தவர் நார்வேயின் ரோல்ட் அமுண்ட்சன், 1903 முதல் 1906 வரை நீண்ட பயணத்தில். அவர் போனது ரே கண்ட நீரிணை வழியே.

வைபலென்னாவிலிருந்து வந்த சிறுமியின் வாழ்க்கையைத் தீர்மானித்த அதே நம்பிக்கை இங்கேயும் இருக்கிறது: அவர்களைப் பற்றி நாம் சொல்வது செல்லும், நம்மைப் பற்றி அவர்கள் சொல்வது செல்லாது. ஜேன் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் அந்த வேலியைத் தாண்டவில்லை. தன் பேனாவின் வலிமையை அவர் அந்த வேலியை உயர்த்தவும் பயன்படுத்தினார்.

ஜேன் 1875 ஜூலை 18 அன்று 83 வயதில் இறந்தார். 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிங் வில்லியம் தீவின் எலும்புகளை ஆராய்ந்தவர்கள் கத்தி வெட்டுத் தடங்களைக் கண்டார்கள். 2024இல் அடையாளம் காணப்பட்ட எரிபஸ் தலைவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸின் தாடையிலும் அதே தடம் இருந்தது. கப்பல்களைத் தேடியவர்களுக்கு வழிகாட்டியது இனுயிட் வாய்மொழி வரலாறு. டெரர் இருந்த இடத்துக்கு ஆய்வுக் குழுவைத் திருப்பியவர் சாமி கோக்விக் என்ற இனுயிட். 2018இல் பிரிட்டன் இரண்டு கப்பல்களையும் கனடாவிடம் ஒப்படைத்தது. அவற்றிலிருந்து இனி எடுக்கப்படும் பொருள்கள் கனடாவின் தேசியப் பூங்காத் துறைக்கும் இனுயிட் மக்களுக்கும் கூட்டுச் சொத்து.